பிரிட்டன் ஸ்பௌஸ் விசா: ஒரு முறை நிராகரிக்கப்பட்டவள் எழுதும் வழிகாட்டி

எங்கள் கல்யாணத்துக்காக என் கணவர் ஐந்து நாள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். அந்த ஐந்து நாளால் எங்கள் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கட்டிய 1,938 பவுண்டு போனது, நாலு மாதம் போனது, வீட்டில் எல்லோருடைய தூக்கமும் போனது. அது எப்படி நடந்தது என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

ஸ்பௌஸ் விசா என்பது கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போவதற்கான விசா. நான் தமிழ்நாட்டுக்காரி, இந்தியப் பாஸ்போர்ட். கணவர் பிரிட்டனில் பிறந்து வளர்ந்த குடிமகன். ஏஜென்ட் யாரையும் வைத்துக்கொள்ளாமல் நாங்களே விண்ணப்பித்தோம். கீழே வரும் கட்டணங்கள் 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்தவை. பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏற்றுவார்கள் என்பதால், பணம் கட்டும் நாளில் பிரிட்டன் அரசு இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் துணை அங்கே என்ன நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

இந்த விசாவுக்கு உங்கள் துணைதான் ஸ்பான்சர். அவர் பிரிட்டன் அல்லது அயர்லாந்து குடிமகனாக இருக்கலாம், அல்லது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராக இருக்கலாம். வேலை விசாவில் இருப்பவரை மணந்தால் உங்களுக்கு வேண்டியது டிபென்டென்ட் விசா. அதன் விதிகள் வேறு, இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது. மாப்பிள்ளை வீட்டார் 'லண்டனில் செட்டில் ஆகிவிட்டான்' என்று சொன்னால் அது எந்த செட்டில் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே ஐந்து வருடமாக வேலை பார்ப்பதும் நிரந்தர உரிமை பெறுவதும் ஒன்றல்ல.

இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். வீடியோ காலில் பேசியது கணக்கில் வராது.

இன்னொன்று: டூரிஸ்ட் விசாவில் போய் அங்கிருந்தபடியே ஸ்பௌஸ் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி மாற முடியாது. கல்யாணத்தையே அங்கே வைத்துக்கொள்ள நினைத்தால் ஃபியான்சே விசா இருக்கிறது. அதில் ஆறு மாதம் தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது, கல்யாணம் முடிந்ததும் மறுபடி முழுக் கட்டணம் கட்டி ஸ்பௌஸ் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செலவைப் பார்த்தால் இங்கே கல்யாணத்தை முடித்துவிட்டுப் போவதே மேல்.

2. திருமணச் சான்றும் இனிஷியலும்

கோயிலிலும் மண்டபத்திலும் கொடுக்கும் ரசீது திருமணச் சான்று ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றுதான் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. ஸ்பான்சர் லீவு முடிந்து கிளம்புவதற்குள் இதை முடித்துவிடுங்கள். கையெழுத்துப் போட அவரும் வர வேண்டும்.

இருவரும் வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் செய்வார்கள். அதில் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அப்புறம் நோட்டீஸ் ஒட்டி இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஸ்பான்சர் திருமணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டுச் சான்றையும் கேட்கலாம். இரண்டு வார லீவில் வருகிறவர் இதை முடிக்க முடியாது. நீங்கள் ஊரில் இருந்தபடி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவைத்தால்தான் நாள் கூடிவரும்.

இப்போது நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருந்தது, டிகிரியில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருந்தது. திருமணச் சான்றில் மறுபடி ஒற்றை எழுத்து. நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஆனால் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு மூன்று பெண்கள் தெரிவார்கள். அதனால் திருமணப் பதிவு விண்ணப்பத்தை எழுதும்போதே பாஸ்போர்ட்டை எதிரே வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். எழுத்தர் 'இனிஷியல் போதும்மா' என்பார், விடாதீர்கள். ஏற்கெனவே வேறு மாதிரி பதிந்துவிட்டீர்களா? மூன்று வடிவத்திலும் இருப்பது ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்க்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சேர்க்க ஆசை என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள், நடுவில் வேண்டாம்.

சான்று தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற வாசகம், தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகிய எல்லாமே இருக்க வேண்டும்.

3. வருமானம்: பெரும்பாலோர் விழும் குழி

2024 ஏப்ரல் 11-க்குப் பிறகு முதன்முறையாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். வரி பிடிப்பதற்கு முன் உள்ள தொகைதான் கணக்கு. நீங்கள் சென்னையில் மாதம் இரண்டு லட்சம் வாங்கினாலும் அந்தச் சம்பளம் இதில் சேராது. உங்கள் சேமிப்பைச் சேர்க்கலாம், வாடகை வருமானத்தைச் சேர்க்கலாம், சம்பளத்தைச் சேர்க்க முடியாது.

ஸ்பான்சர் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் மாதச் சம்பளத்தில் இருந்தால் ஆறு மாதப் பேஸ்லிப் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் எந்த மாதச் சம்பளம் மிகக் குறைவோ அதை வைத்துத்தான் ஆண்டுக்கணக்குப் போடுவார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. 29,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 2,417 பவுண்டு. ஆறு பேஸ்லிப்பில் ஒன்று இதற்குக் கீழே போனாலும் ஆபத்து.

என் கணவரின் ஆண்டுச் சம்பளம் 30,000, அதாவது மாதம் 2,500. கல்யாண மாதத்தில் ஐந்து நாள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்ததால் 1,923 வந்தது. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 23,076. கோப்பில் கல்யாணப் பத்திரிகை இருந்தது, அந்த விடுப்பு எதற்கு என்பதும் எழுதியிருந்தது, ஆனாலும் விதி விதிதான்.

எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, இதற்கு இன்னொரு வழி உண்டு என்று. ஆறு மாதக் கணக்குக்குப் பதில் 12 மாதக் கணக்கில் விண்ணப்பிக்கலாம். தற்போதைய ஆண்டுச் சம்பளம் 29,000-க்கு மேல் இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் வரி பிடிப்பதற்கு முன் உண்மையில் வந்த மொத்தமும் 29,000-க்கு மேல் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த மொத்தம் 29,423. அதாவது அதே கணவர், அதே வேலை, அதே பேஸ்லிப், முதல் முறையே இந்த வகையில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். இரண்டாம் முறை அப்படித்தான் கிடைத்தது. ஓவர்டைம், வேலை மாற்றம், ஏறி இறங்கும் சம்பளம் என்று ஏதாவது இருந்தால் இரண்டு கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சம்பளம் போதாவிட்டால் சேமிப்பைச் சேர்க்கலாம். முதல் 16,000 பவுண்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல், குறையும் தொகையைப் போல இரண்டரை மடங்கு காட்ட வேண்டும். உதாரணத்துக்குச் சம்பளம் 25,000 என்றால் குறைவது 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000, அதோடு 16,000, ஆக 26,000 பவுண்டு. சம்பளமே இல்லாமல் சேமிப்பு மட்டும் காட்ட 88,500 வேண்டும். இந்தப் பணம் ஆறு மாதமாகவே கணக்கில் இருந்திருக்க வேண்டும். மாமனார் போன வாரம் போட்டுவிட்ட பணம் உதவாது. சுயதொழில் செய்பவருக்கு முடிந்த வரி ஆண்டின் கணக்கைப் பார்ப்பார்கள். அது தனிக் கதை, அதற்கு ஒரு கணக்காளர் துணை தேவை. ஸ்பான்சர் உடல்நலக் குறைவுக்காகச் சில அரசு உதவித்தொகைகள் பெறுபவராக இருந்தால் இந்த 29,000 விதியே பொருந்தாது.

ஆவணங்கள் இவை: பேஸ்லிப்கள், அந்தந்தச் சம்பளம் வரவானதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்கள், நிறுவனத்தின் கடிதம், வேலை ஒப்பந்தம். கடிதத்தில் சம்பளம் எவ்வளவு, இதே சம்பளம் எப்போதிலிருந்து, வேலையில் எவ்வளவு காலம், நிரந்தரமா தற்காலிகமா என்ற நாலும் இருக்க வேண்டும். 'இவர் எங்கள் ஊழியர்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். பேஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகையும் வங்கியில் வரவான தொகையும் பென்ஸ் வரை பொருந்துகிறதா என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசிப் பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்ட்டும் நீங்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் நாளிலிருந்து பின்னோக்கி 28 நாளுக்குள் இருக்க வேண்டும். பணம் கட்டும் நாள்தான் விண்ணப்ப நாள், மையத்துக்குப் போய்க் கைரேகை கொடுக்கும் பயோமெட்ரிக் நாள் அல்ல.

4. ஆங்கிலத் தேர்வும் டிபி பரிசோதனையும்

முதல் விசாவுக்கு ஏ1 என்ற தொடக்க நிலை ஆங்கிலம் போதும், பேசுவதும் கேட்பதும் மட்டும். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்ற தேர்வு இதற்கென்றே இருக்கிறது. இன்னொரு தேர்வரோடு சேர்த்து உட்காரவைத்து ஒரு தேர்வாளர் பேச்சுக் கொடுப்பார். இருபது நிமிடம்கூட ஆகாது. என் ஜோடியாக வந்த பெண் பயத்தில் என்னைப் பார்த்துத் தமிழில் 'அக்கா, என்ன கேக்குறாங்க' என்றாள். பயப்பட ஒன்றுமில்லை, குடும்பம், சாப்பாடு, ஊர் இவ்வளவுதான் கேட்பார்கள்.

மேல்படிப்புக்காக எழுதிய சாதாரண ஐஇஎல்டிஎஸ் செல்லாது. விசாவுக்கென்று அங்கீகரித்த வகையாகத்தான் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது தவறான வகையைத் தேர்ந்தெடுத்துப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள் தேர்வே எழுத வேண்டாம். ஆனால் எக்டிஸ் என்ற அமைப்பிடம் பணம் கட்டி அந்தப் பட்டத்துக்கு உறுதிச் சான்று வாங்க வேண்டும். பட்டம் காலாவதி ஆகாது, அடுத்தடுத்த கட்டங்களுக்கும் அதையே காட்டலாம். இரண்டரை வருடம் கழித்து ஏ2, ஐந்து வருடம் கழித்து பி1 கேட்பார்கள் என்பதால், முடிந்தவர்கள் பட்டத்தையே காட்டிவிடுங்கள்.

டிபி பரிசோதனை அவர்கள் அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் உண்டு. எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர இரண்டு மாதம் ஆகலாம். சான்று ஆறு மாதம் செல்லும். இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது என் சான்றுக்கு 11 நாள்தான் மிச்சம் இருந்தது.

போலீஸ் கிளியரன்ஸ் இந்த விசாவுக்குக் கேட்பதில்லை. ஏஜென்ட் கேட்டுப் பணம் வாங்கினால் கொடுக்காதீர்கள்.

5. வீடு

வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்கடன் ஆவணமோ வேண்டும். மாமனார் மாமியாரோடு இருக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டில் எத்தனை அறை, யார் யார் இருக்கிறார்கள், நீங்களும் தங்கச் சம்மதம் என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஒரு வீட்டில் நெருக்கியடித்துத் தங்கக் கூடாது என்பதுதான் விதியின் நோக்கம், சொந்த வீடு இருக்க வேண்டும் என்பதல்ல.

6. உண்மையான உறவு என்பதற்கு ஆதாரம்

நம்மில் பலர் ஆல்பத்தையே ஏற்றிவிடுவார்கள். நானும் முதலில் 140 புகைப்படம் எடுத்து வைத்தேன். இருபது போதும், ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி. நிச்சயம், தாலி கட்டும் நேரம், இருவீட்டாரும் சேர்ந்து நிற்பது, கல்யாணத்துக்குப் பிறகு எங்காவது சேர்ந்து போனது, இப்படி. கல்யாணப் பத்திரிகை நல்ல ஆதாரம், மொழிபெயர்த்து வையுங்கள். அவர் வந்துபோன விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரைகள், மாதத்துக்கு ஒரு பக்கம் என்று வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல். கொஞ்சல்களை அதிகாரி படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள். காதல் கதை ஒன்றைப் புனைந்து எழுதி, தேதி இடித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

7. பணம் கட்டும் நாள்

2025 ஏப்ரல் கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 1,938 பவுண்டு. அதோடு என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 வீதம், முதல் விசாவின் 33 மாதத்தை மூன்று வருடமாகக் கணக்கிட்டு 3,105. ஒரே அமர்வில் 5,043 பவுண்டு போகும். நம் டெபிட் கார்டுகளின் வெளிநாட்டுப் பரிமாற்ற வரம்பு இதற்குப் போதாமல் இரவு பன்னிரண்டு மணிக்கு நின்றுவிடும். எங்களுக்கு நின்றது. ஸ்பான்சரின் கார்டில் கட்டுவதுதான் சுலபம், முன்கூட்டியே அவர் வங்கிக்குச் சொல்லிவைக்கட்டும்.

8. விஎஃப்எஸ் (விசா விண்ணப்பங்களைப் பெறும் நிறுவனம்) மையத்தில்

ஆவணங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் மையத்தில் வேலை பத்து நிமிடம்: கைரேகை, புகைப்படம், பாஸ்போர்ட். ஸ்கேன் செய்து தருவது, எஸ்எம்எஸ், தனி லவுஞ்ச் எல்லாம் கூடுதல் கட்டணச் சேவைகள். வேண்டாம் என்றால் வேண்டாம். கோப்புகளுக்கு 'பேஸ்லிப் மார்ச்' என்பது போலப் பெயர் வையுங்கள். 'ஸ்கேன்0047' என்று ஏற்றினால் படிப்பவர் திணறுவார்.

9. காத்திருப்பும், நிராகரிப்பு வந்தால் செய்ய வேண்டியதும்

வழக்கமாக 12 வாரம். 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் விரைவுச் சேவை. நிராகரித்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது, மருத்துவக் கட்டணம் முழுதும் திரும்பி வரும். மேல்முறையீட்டுக்கு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 28 நாள் அவகாசம். ஆனால் எங்களைப் போலக் கணக்கில் தவறியவர்கள் மேல்முறையீட்டில் மாதக்கணக்கில் உட்காருவதைவிடச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே வேகம். அடுத்த விண்ணப்பத்தில் 'முன்பு நிராகரிக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதுங்கள். மறைத்தால்தான் உண்மையான சிக்கல்.

10. போய்ச் சேர்ந்த பிறகு

முன்பு தந்த பிளாஸ்டிக் அட்டை இப்போது இல்லை, எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் ஈவிசா. கணக்கைத் திறந்து பெயர் சரியாக இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். தாராளமாக வேலை பார்க்கலாம், அரசு உதவித்தொகை மட்டும் கேட்கக் கூடாது.

விசா கிடைத்தும் மூன்று மாதத்துக்கு மேல் ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். 33 மாத விசா, அப்புறம் 30 மாத நீட்டிப்பு. இரண்டும் சேர்ந்து அங்கே ஐந்து வருடம் நிறைந்தால்தான் நிரந்தர உரிமை. தாமதமாகப் போனால் கடைசியில் சில வாரம் குறைந்து, இன்னொரு நீட்டிப்புக்குப் பணம் அழ வேண்டியிருக்கும். நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதும் விசா முடிய 28 நாள் இருக்கும்போதுதான், அவசரப்பட்டு முன்னால் வேண்டாம்.

நீட்டிப்பின்போது இருவரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு ஆறு கடிதங்களாவது கேட்பார்கள், மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, காலம் பரவலாக. நம் பெண்கள் பலர் எல்லா பில்லும் கணவர் பெயரிலேயே விட்டுவிட்டு அப்போது முழிப்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்த மாதமே கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூர் வரி, கேஸ் பில், வங்கிக் கணக்கு மூன்றிலும் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் விசா போய்விடும் என்று பயந்து சகித்துக்கொண்டிருக்காதீர்கள். குடும்ப வன்முறையால் பிரிந்தவர்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. முதலில் மூன்று மாத அனுமதி, அரசு உதவியோடு. அதற்குள் நிரந்தர உரிமைக்கே விண்ணப்பிக்கலாம்.

11. நிரந்தர உரிமையும் குடியுரிமையும்

நான் இன்னும் இந்தக் கட்டத்துக்கு வரவில்லை, பட்ஜெட் போட்டு வைத்திருக்கிறேன். நீட்டிப்புக்கு 1,321, அதற்கான மருத்துவக் கட்டணம் 2,587.50, நிரந்தர உரிமைக்கு 3,029, பிரிட்டன் வாழ்க்கை, வரலாறு பற்றிய 'லைஃப் இன் த யுகே' தேர்வுக்கு 50, குடியுரிமைக்கு 1,735. முதல் விசாவையும் சேர்த்தால் 13,765 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். 2025 ஏப்ரல் கட்டணத்திலேயே இவ்வளவு. மாதம் 200 பவுண்டு தனியாக எடுத்து வைக்கிறோம்.

தேர்வில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. பிரிட்டன் குடிமகனை மணந்தவர் நிரந்தர உரிமை கிடைத்த உடனேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மற்றவர்களைப் போல இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் 270 நாளுக்கு மேலும், கடைசி ஒரு வருடத்தில் 90 நாளுக்கு மேலும் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஆறு மாதம் தங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், இரட்டைக் குடியுரிமை நமக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்று வாங்க வேண்டும், அப்புறம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று அதிலேயே ஒரு முறை ஊருக்கு வந்துபோனால் அபராதம். குடியுரிமை விழா முடிந்த கையோடு ஊர் டிக்கெட் போடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஓசிஐ கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள்.